ரன்னிங் சார்ட்டில் ஏறாத நெருப்பு

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், ஒரு பிரதேச சபைக்குத் தண்ணீர் பவுசர் ஓட்டுகிறேன். ஆடி பிறந்தால் கிணறுகள் வற்றிவிடும். வீதியோரத் தாங்கிகளை நிரப்பிக்கொண்டு ஊர் ஊராகப் போவதுதான் என் வேலை.

நெருப்பணைப்பது அதில் சேர்த்தியில்லை. ஆனால் கச்சான் காற்று வீசும் நாளில் கிடுகுக் கூரையில் பொறி விழுந்தால், சனம் முதலில் தேடுவது என் போன் நம்பரைத்தான். தீயணைப்புக்கு, 110க்கு அடித்தாலும் வண்டி நகரத்திலிருந்து பாலம் தாண்டி வர வேண்டும். அதற்குள் கூரை இருக்காது. அவர்களைக் குறை சொல்லவில்லை, தூரம் அப்படி. தீயணைப்பு இங்கே உள்ளூராட்சி மன்றங்களின் பொறுப்பு. மாநகர சபைக்குக் கடைத்தெருவும் சோலைவரி என்கிற வீட்டு வரியும் இருக்கின்றன, ஒரு பிரிவை வைத்து நடத்தலாம். வயலும் வாடியுமாகக் கிடக்கிற சபைக்கு வருமானம் ஏது?

முதல் தடவை போனபோது வெட்கமாகிவிட்டது. 5000 லீற்றர் தண்ணீரோடு நிற்கிறேன், பைப்பைத் திறந்தால் காலடியில் ஊற்றுகிறது. பவுசரில் பம்ப் இல்லை. பொடியன்மார் வாளியில் ஏந்தி ஓடினார்கள். மாட்டுக் கொட்டில் தப்பியது, வீடு போய்விட்டது.

அப்புறம்தான் விளையாட்டுக் கழகப் பொடியன்மார் காசு சேர்த்தார்கள். கோயில் திருவிழாவில் கொஞ்சம், கட்டாரில் இருக்கும் ஒருவர் அனுப்பியது மீதி. வயலுக்கு இறைக்கிற 2 அங்குல பெற்றோல் பம்ப் ஒன்று வந்தது. பம்ப் வாங்கக் காசு தர ஆள் வரும், அதில் பெயர் எழுதலாம் அல்லவா? ஹோஸ் கிழிந்தால், பிளக் போனால், பெற்றோல் தீர்ந்தால் ஒருவரும் வரமாட்டார்கள். கஷ்டம் முழுக்க அங்கேதான்.

2022இல் பெற்றோல் லீற்றர் 470 ரூபாய்க்கு ஏறியது. விலையைக் கூடச் சமாளித்திருக்கலாம். கேனில் அடிக்க மாட்டோம் என்றார்கள். எரிபொருளைப் பங்கிட்டுத் தந்த கியூஆர் வாகனத்துக்குத்தான், பம்புக்கு ஏது நம்பர் பிளேட்? மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் கிடைத்த காலத்தில், பொடியன்மார் தங்கள் டாங்கியிலிருந்து டியூப் போட்டு இழுத்துப் பம்புக்கு ஊற்றினார்கள். அவர்களைத் தொண்டர்கள் என்று ஒரு கடிதத்தில்கூட யாரும் எழுதியதில்லை.

எனக்கு டீசலால் தலைவலி. பவுசர் போன ஓட்டத்தையெல்லாம் ரன்னிங் சார்ட் என்ற பதிவில் எழுத வேண்டும். குடிநீருக்கு ஒதுக்கிய டீசலில் நெருப்புக்கு ஓடினால் ஓடிட் கேட்கும். ஒருமுறை கேட்டும்விட்டது. விளக்கம் எழுத உட்கார்ந்தபோது கந்தோரில் ஓர் ஐயா மெதுவாகச் சொன்னார்: "தம்பி, நெருப்பு எண்டு எழுதாதீங்க. அதுக்கு வோட் இல்ல, பட்ஜெட்டில காசு ஒதுக்கேல்ல."

சரி என்றேன்.

போன ஆடியில் ஒரு குடிசை. இந்த முறை பம்ப் வேலை செய்தது, பாதிக் கூரையோடு நின்றது. விடிந்ததும் சீட்டில் எழுதினேன்: குடிநீர் விநியோகம், 1 குடும்பம், 5000 லீற்றர். பெற்றுக்கொண்டவர் கையெழுத்து வேண்டும். வீட்டுக்காரர் எழுத்துக்கூட்டி ஒப்பம் வைத்தார். சீட்டின் ஓரம் முழுக்கக் கரி. அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தேன்.