சுப்பர் குளூ ஒட்டிய பல் செட்

பல் செட் உடைந்தால் மட்டக்களப்பில் பலர் முதலில் தேடுவது பல் வைத்தியரை அல்ல, சுப்பர் குளூவை. ஒட்டு விட்ட பிறகுதான், பல் செட் செய்து திருத்தும் எங்கள் மேசைக்கு வரும். அதற்குள் முறிந்த விளிம்பில் பசை படலமாகக் காய்ந்திருக்கும். துண்டுகளைச் சேர்த்துப் பிடித்தால் முடியளவு இடைவெளி. வாய்க்குள் அந்த முடியளவே பெரிய ஆட்டம்.

பசை படாத துண்டுகள் என்றால் வேலை லேசு. பொருத்தி, ஒட்டுமெழுகால் பிடித்து, அசையாமலிருக்கக் குறுக்கே ஒரு தீக்குச்சி வைத்து, உள்பக்கம் பிளாஸ்டர் ஊற்றுவோம். இறுகியதும் துண்டுகளைக் கழற்றி, முறிந்த கோடு நெடுக 2 முதல் 3 மில்லிமீற்றர் இடைவெளி வரும்படி அராவி, விளிம்புகளைச் சாய்க்க வேண்டும். செங்குத்தாக விட்டால் புது அக்ரிலிக், அதாவது செட் செய்யும் பிளாஸ்டிக், பிடிக்க இடம் போதாது. அதே கோட்டில் மறுபடி விடும். பிளாஸ்டரில் பிரிப்புத் திரவம் பூச மறந்தால் அச்சும் செட்டும் ஒன்றாகிவிடும். பிறகு அக்ரிலிக் தூளும் திரவமும் இட்டு, வெதுவெதுப்பான தண்ணீரோடு அழுத்தப் பாத்திரத்தில் 15 நிமிடமளவில் வைப்போம். அவசரத்துக்கு மேசையிலேயே இறுகவிட்டால் ஊசித்துளைக் குமிழிகள் வரும். வெற்றிலைக் கறை போய்க் குடியிருப்பது அவற்றில்தான்.

மேல் செட் நடுக்கோட்டில் இரண்டாம் தடவையும் முறிந்தால், குற்றம் ஒட்டில் இல்லை. பல் பிடுங்கிய முரசின் எலும்பு வருஷக்கணக்கில் கரையும். நடு அண்ணம் அவ்வளவு கரையாது. செட் அதன்மேல் தராசுக்கோல் மாதிரி ஆடும், கடிக்கும்போதெல்லாம் நடுவில் வளையும். வாவி நண்டின் காலைக் கடிப்பவருக்கு இன்னும் சீக்கிரம். உள்பக்கம் புது அளவெடுத்து, முரசோடு பொருந்த அக்ரிலிக் நிரப்பி ரீலைன் செய்யாமல் ஒட்டித் தருவது வீண்வேலை.

ஒரே பல் போனவருக்குக் கணக்கு வேறு. பிரிட்ஜ், அதாவது பக்கத்துப் பற்களில் உறை மாட்டிப் பிடிக்கும் நிலையான பல், என்றால் அந்தப் பற்களைச் சுற்றி 1 மில்லிமீற்றருக்கு மேலும், கடிக்கும் பக்கம் 1.5 முதல் 2 மில்லிமீற்றரும் அராவ வேண்டும். ஏற்கெனவே பெரிதாக அடைத்த பற்கள் என்றால் பரவாயில்லை. பழுதில்லாத பல்லில் கை வைக்க மனம் வராது. தாடை எலும்பில் திருகி வைக்கும் இம்ப்ளான்ட் பக்கத்துப் பல்லைத் தொடாது, ஆனால் எலும்பு பிடிக்க 3 முதல் 6 மாதம். சீனி வருத்தம் கட்டுக்குள் இல்லாதவருக்கு அதுவும் ஆபத்து. படுவான்கரையிலிருந்து ஒவ்வொரு தடவையும் வாவி கடந்து வருபவர் கழற்றிப் போடும் அக்ரிலிக் செட்டே போதும் என்பார். அதில் பிழையில்லை.

கழுவும்போது கீழே ஒரு பேசினில் தண்ணீர் வைத்துக்கொண்டால் சீமெந்துத் தரையில் விழாது. பச்சைத் தண்ணீரே போதும். சுடுதண்ணீரில் வளைந்த செட்டை எங்களாலும் நிமிர்த்த முடியாது.