எரவாணத்தில் இருந்த புட்டி

சேர்வராயன் மலையின் அடிவாரத்தில், என் ஆயா வாழ்ந்த ஊரில், மாடு செத்துப்போனால் அதை வண்டியில் ஏற்றிச் சென்று ஓடைக்கரையில் போட்டுவிட்டு வருவார்களாம். போட்டவர்கள் வீடு திரும்பிக் குளித்து முடிப்பதற்குள் வானத்தில் வட்டமிடத் தொடங்கும் பறவைகள், பொழுது சாயும் முன் எலும்பை மட்டும் மிச்சம் வைத்துவிட்டுப் போய்விடும் என்று ஆயா சொல்லிக் கேட்டிருக்கிறேன். அவர் அவற்றைப் பிணந்தின்னிக் கழுகு என்றே சொல்வார். பாறு என்ற பழைய பெயர் எனக்குப் பின்னாளில்தான் தெரிய வந்தது. இன்று அதே ஊரில் மாடு செத்தால் ஜேசிபியை வரவழைத்துக் குழி தோண்டுகிறார்கள். ஏற்காட்டுச் சாலையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் நின்று நின்று வானத்தைப் பார்த்தவன் நான். ஒரு பாறுகூட என் கண்ணில் பட்டதில்லை.

என்னுடன் பறவை பார்க்க வரும் நண்பர்கள், கூண்டில் வளர்த்த பாறுகளைக் கொண்டுவந்து இந்த மலையில் விட்டால் என்ன என்று அடிக்கடி கேட்கிறார்கள். நியாயமான ஆசை. அழிந்துபோன வேட்டைப் பறவையை அது கூடு கட்டிய இடத்துக்கே மீண்டும் கொண்டுவர முடியும் என்பதற்கு அமெரிக்காவின் பொரி வல்லூறு நல்ல சான்று. டிடிடி பூச்சிமருந்து இரைப் பறவைகளின் வழியாக உடலில் சேர்ந்து முட்டை ஓட்டை மெலிய வைத்ததால், அடைகாக்கும் தாயின் எடையே முட்டையை உடைத்தது. 1960களின் நடுப்பகுதிக்குள் மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே கூடு கட்டும் வல்லூறு ஒன்றும் இல்லாமல் போனது. டாம் கேட் என்ற பறவையியலாளர் 1970இல் பெரெக்ரின் ஃபண்ட் என்ற அமைப்பைத் தொடங்கி, கூண்டில் குஞ்சு பொரிக்க வைத்தார். பறக்கும் பருவத்துக்குச் சற்று முந்தைய குஞ்சுகளைப் பாறை முகட்டில் வைத்த பெட்டிக்குள் விட்டு, மனித முகம் தெரியாதபடி குழாய் வழியே இரை போட்டு, இடம் பழகியதும் கதவைத் திறந்துவிட்டு, தாமே வேட்டையாடக் கற்கும் வரை அங்கேயே இரை வைத்துக்கொண்டிருந்தார்கள். இப்படி 4000க்கும் மேற்பட்ட பறவைகளை அந்த அமைப்பு விடுவித்தது; 1999இல் அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் பட்டியலிலிருந்தே அந்த நாட்டு அரசு பொரி வல்லூற்றை நீக்கியது. இதைச் சொல்பவர்கள் பெரும்பாலும் விட்டுவிடும் ஓர் ஆண்டு இருக்கிறது. டிடிடிக்கு அமெரிக்கா தடை விதித்த ஆண்டு 1972. பறவைகளை விடுவிக்கும் பணி தொடங்கியது அதற்குப் பிறகு, 1974இல்.

நம் பாறுகள் ஏன் செத்தன என்பதைப் பாகிஸ்தானில் ஆராய்ந்து கண்டறிந்ததிலும் அதே பெரெக்ரின் ஃபண்டுக்குப் பங்கு உண்டு. மாட்டின் வலிக்கும் காய்ச்சலுக்கும் போடும் டைக்லோஃபெனாக் ஊசியே காரணம் என்று 2004இல் அந்த ஆய்வு வெளியானது. ஊசி போட்ட சில நாட்களுக்குள் மாடு இறந்து, அதன் இறைச்சியைப் பாறு தின்றால், சிறுநீரகம் செயலிழந்து, யூரிக் அமிலம் வெள்ளைப் பொடியாக உள்ளுறுப்புகளின்மேல் படிந்து பறவை மடிகிறது. என்னை உலுக்கிய செய்தி வேறொன்று. நூறு மாட்டுச் சடலங்களில் ஒன்றுக்கும் குறைவானவற்றில் இந்த மருந்து இருந்தாலே பாறுக் கூட்டம் அடியோடு சரிந்துவிடும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். பாறு கூட்டமாக வந்து உண்ணும் பறவை. ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டை இடும் பறவை. குஞ்சு வளர்ந்து கூடு கட்ட ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் ஆகும். ஒரே மாட்டால் சாகும் கூட்டத்தை ஒற்றை முட்டைகளால் ஈடுகட்ட முடியாது. வெண்முதுகுப் பாறுகளில் 99 விழுக்காட்டுக்கும் மேல் இந்தியாவில் மறைந்தது இப்படித்தான்.

அரியானாவின் பிஞ்சோரில் பாறுகளைக் கூண்டில் இனப்பெருக்கம் செய்து, 2020 அக்டோபரில் 8 வெண்முதுகுப் பாறுகளை வெளியே விட்டார்கள். அதற்கு முன்பு ஆண்டுக்கணக்கில் காத்திருந்ததைச் சிலர் தாமதம் என்று குறை சொன்னார்கள். நான் அதைப் பொறுப்பு என்றே கருதுகிறேன். கால்நடைகளுக்கு டைக்லோஃபெனாக் 2006இலேயே தடை செய்யப்பட்டது. ஆனாலும் மனிதருக்கான பெரிய புட்டிகள் மாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்ததால், 2015இல் மனிதருக்கான ஊசிமருந்துப் புட்டியின் அளவை 3 மில்லிலிட்டருக்குச் சுருக்கினார்கள். பாறுகளுக்கு நஞ்சான கீட்டோபுரோஃபெனும் அசிக்ளோஃபெனாக்கும் 2023இல் தடைப்பட்டன. மெலாக்சிகாம் என்ற மாற்று மருந்து பாறுகளுக்குத் தீங்கு செய்யாது. மாட்டின் வலிக்கும் காய்ச்சலுக்கும் டைக்லோஃபெனாக் செய்யும் வேலையையே அதுவும் செய்கிறது.

சேர்வராயன் மலைக்குக் கூண்டு தேவைப்படாமலே போகலாம். முதுமலையையும் சத்தியமங்கலத்தையும் ஒட்டிய மாயாற்றுப் பள்ளத்தாக்கில், நீர்மருது மரங்களின் உச்சியில் வெண்முதுகுப் பாறுகள் இன்றும் கூடு கட்டுகின்றன. அங்கிருந்து சேலம் நேர்க்கோட்டில் நூறு கிலோமீட்டருக்கு மேல். இரை தேடி ஒரே நாளில் அவ்வளவு தொலைவு பறக்கக்கூடிய பறவைக்கு அது எட்டாத இடம் அன்று. அவை பெருகினால் தாமே இந்தப் பக்கம் வரக்கூடும். வரும் நாளில் நம் ஓடைக்கரையில் கிடக்கும் மாட்டின் உடம்பில் என்ன மருந்து இருக்கும் என்பதே என் கவலை.

போன மாதம் சித்தப்பாவின் பசுவுக்கு மடிநோய் வந்தது. என்ன ஊசி போட்டார்கள் என்று கேட்டேன். "காய்ச்சல் ஊசிதான் கண்ணு, பேரெல்லாம் யாருக்குத் தெரியும்" என்றார். மருத்துவர் எழுதிய சீட்டை வாங்கிப் பார்த்தேன். மெலாக்சிகாம் என்று இருந்தது. மனம் நிம்மதியான அதே நேரத்தில், கொட்டகையின் எரவாணத்தில் செருகியிருந்த வேறொரு புட்டி கண்ணில் பட்டது. தூசு படிந்த 30 மில்லிலிட்டர் டைக்லோஃபெனாக், பாதி தீர்ந்திருந்தது. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மருந்துக்கடையில் வாங்கியதாம். ராத்திரியில் மருத்துவர் கிடைக்காவிட்டால் உதவும் என்று வைத்திருந்தாராம். ஆயா பார்த்த கழுகுகளைப் பற்றி அவரிடம் சொன்னேன். சின்ன வயதில் தானும் அவற்றை விரட்டி விளையாடியதாகச் சொல்லிவிட்டு, வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு அவரே புட்டியை எடுத்து என் கையில் கொடுத்தார்.

அதை ஊர்க் கால்நடை மருத்துவரிடம் ஒப்படைத்துவிட்டேன். ஊரில் மாடு வைத்திருக்கும் மற்ற வீடுகளின் எரவாணங்களையும், மழைக்காலம் தொடங்குவதற்குள், சித்தப்பாவும் நானும் சேர்ந்து போய்ப் பார்ப்பதாகப் பேசி வைத்திருக்கிறோம்.