நாலு வருஷம் கழித்து அதே புதரில்

பறவைகளுக்குக் காலில் வளையம் போடுவதைப் பார்க்க ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊருக்குப் போய்விட்டு, நேற்று ராத்திரிதான் மதுரை திரும்பினேன். இன்னும் தூக்கம் பிடிக்கவில்லை, அதனால் இப்போதே எழுதிவிடுகிறேன்.

முதலில் அந்த ஆட்டோ விஷயம். மதுரையிலிருந்து ராமநாதபுரம், அங்கிருந்து இன்னொரு பஸ். மண்டபத்தில் இறங்கும்போது இரவு ஒன்பது மணி, தூறல் வேறு. லாட்ஜுக்கு இரண்டு கிலோமீட்டர்கூட இல்லை. ஆட்டோக்காரர் 250 ரூபாய் என்றார். பேசிப் பேசி 200-க்கு வந்தார். மதுரையிலிருந்து வந்த பஸ் செலவே அவ்வளவு ஆகவில்லை! இருட்டில் வந்து இறங்குகிறவனிடம் இப்படிக் கறப்பது அநியாயம்.

விடிவதற்கு முன்பே கடலோரப் பூங்காவில் இருந்தேன். பூங்கா என்றால் புல்வெளியும் ஊஞ்சலும் இல்லை. மணல், குடை விரித்த மாதிரி உடைமரங்கள், நடுவே முள்ளுப் புதர்கள். வனத்துறை அனுமதியோடு ஒரு சிறு குழு வருஷா வருஷம் குளிர்காலத்தில் இங்கே வலை கட்டி, சின்னப் பறவைகளுக்குக் காலில் எண் பொறித்த வளையம் போடுகிறது. வலை முடி மாதிரி மெல்லிசு. பத்தடி தள்ளி நின்றால் எனக்கே தெரியவில்லை. அரை மணிக்கு ஒருமுறை போய்ப் பார்க்கிறார்கள். சிக்கியதை உடனே எடுத்துத் துணிப்பையில் போட்டு, எடை, இறக்கை நீளம் பார்த்து, வளையம் போட்டு விட்டுவிடுகிறார்கள். பறவையைத் தொட எனக்கு அனுமதி இல்லை, அது சரிதான். நோட்டில் எழுதுகிற வேலை கிடைத்தது.

ஏழு மணிக்கு ஒரு ஆறுமணிக் குருவி. பச்சை முதுகு, வாலடியில் குங்குமச் சிவப்பு. நெஞ்சு இறகை வாயால் ஊதி விலக்கிக் காட்டினார் குழுவில் இருந்த அக்கா. நெடும்பயணத்துக்குச் சேர்த்த கொழுப்பு தொண்டைக் குழியில் இருந்தால் தோலுக்கு அடியில் மஞ்சளாகத் தெரியுமாம். இதற்கு ஒன்றுமே இல்லை, நெஞ்சு எலும்பு கத்தி மாதிரி துருத்திக்கொண்டிருந்தது. இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, ராத்திரி ராத்திரியாகப் பறந்து வருகிற இனம் இது. தனுஷ்கோடியைத் தாண்டினால் தலைமன்னார் கிட்டத்தட்ட 30 கிலோமீட்டர். இலங்கை வரை போகிறவையும் உண்டு. அந்தக் கடலைத் தாண்டுவதற்கு முன்னால் இரை தேடி இளைப்பாற இந்தப் புதர்தான் இடம். இதை வெட்டிச் சுத்தம் செய்து நடைபாதை போடலாமே என்று காலையில் வாக்கிங் வந்த ஒருவர் சொன்னார். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

அப்புறம்தான் பழுப்புக் கீச்சான் என்கிற அந்தச் சின்னப் பறவை. எடுக்கும்போதே அக்காவின் விரலைக் கடித்து ரத்தம் வரவைத்தது. 31 கிராம். காலில் ஏற்கெனவே வளையம்! அலுமினியம் தேய்ந்து, மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்தின் பெயர் மங்கியிருந்தது. லென்ஸ் வைத்து எண்ணை ஒவ்வொன்றாகப் படித்தார், நான் எழுதினேன். பழைய நோட்டைப் புரட்டினால், நாலு வருஷத்துக்கு முன்னால் இதே புதரில், இதே மூன்றாம் வலையில் போட்ட வளையம். சைபீரியா, மங்கோலியா பக்கம் முட்டையிடுகிற இனம். இத்தனை குளிர்காலமும் போய்ப் போய் இந்தப் புதரைத் தேடி வந்திருக்கிறது. டென்மார்க்கில் மார்ட்டென்சன் என்பவர் 1899-ல் மைனா இனத்துப் பறவைகளுக்கு அலுமினிய வளையம் போட்டார், இங்கே அந்தக் கழகம் 1927-ல் தொடங்கியது என்று படித்திருக்கிறேன். ஆனால் எதற்காக இத்தனை வருஷம் ஒரே இடத்தில் செய்யவேண்டும் என்பது அந்த எண்ணை எழுதும்போதுதான் புரிந்தது. ஒரு வருஷத்தோடு நிறுத்தியிருந்தால் அது வெறும் ஒரு கீச்சான்.

மத்தியானம் பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் விளைமீன் குழம்பும் கணவாய்த் தொக்கும். 140 ரூபாய். குழம்பில் புளி தூக்கலாக, மீன் அன்று காலையில் பிடித்தது. இரண்டு முறை சோறு வாங்கினேன்.

போக நினைப்பவர்கள் முந்தின நாளே மண்டபத்தில் தங்கிவிடுங்கள், காலை பஸ்ஸை நம்பினால் வலையைச் சுருட்டிய பிறகுதான் போய்ச் சேர்வீர்கள். வெளிச்சத்திலேயே வந்து இறங்கினால் லாட்ஜுக்கு நடந்தே போய்விடலாம். நான் ஜனவரியில் மறுபடி போகிறேன். மூன்றாம் வலைக்குப் பக்கத்தில் உட்கார இடம் கேட்டு வைத்திருக்கிறேன்.