சிகாகோவுக்குப் புதிதா? கப்ஸா, சாக்ஸா?

சிகாகோவில் வேலைக்குச் சேர்ந்த சில நாட்களிலேயே யாராவது கேட்பார்கள்: "கப்ஸா, சாக்ஸா?" கேட்பது பேஸ்பாலைப் பற்றி மட்டுமல்ல, ஊரின் எந்தப் பக்கத்து ஆள் நீங்கள் என்பதையும் சேர்த்துத்தான். ஊரில் இரு பேஸ்பால் அணிகள்: வடக்கு கப்ஸுக்கு, தெற்கு வைட் சாக்ஸுக்கு. இரண்டும் பிடிக்கும் என்று சொன்னால் அதைப் பதிலாகவே எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

இத்தனை பகைக்கும், வெகுகாலம் அவை அதிகாரப்பூர்வப் போட்டிகளில் மோதியதே அரிது. அமெரிக்க பேஸ்பால் இரண்டு லீக்குகளாகப் பிரிந்தது: கப்ஸ் நேஷனல் லீக், சாக்ஸ் அமெரிக்கன் லீக். லீக் தாண்டிய வழக்கமான ஆட்டங்கள் 1997இல்தான் தொடங்கின. அதற்கு முன் பட்டத்துக்காக மோதியது 1906 உலகத் தொடரில், அதாவது இரு லீக் சாம்பியன்கள் மோதும் இறுதித் தொடரில் மட்டும். அந்தப் பருவத்தில் கப்ஸ் 116 ஆட்டங்களை வென்றிருந்தது. அடிக்கத் தெரியாதவர்கள் என்று பெயரெடுத்த சாக்ஸ், தொடரை 4-2 என்று தட்டிச் சென்றது. பிறகு இரு வீட்டிலும் உலகத் தொடர் வெற்றிக்கு நீண்ட வறட்சி: சாக்ஸுக்கு 1917க்குப் பின் 2005, கப்ஸுக்கு 1908க்குப் பின் 2016. கப்ஸின் வெற்றியை நாடே பேசியது. 88 ஆண்டு காத்திருந்த சாக்ஸை அந்த அளவுக்கு யாரும் பேசவில்லை. தெற்கத்தியரின் இந்த மனக்குறை நியாயமானது.

இரு மைதானங்களையும் ஒரே ரெட் லைன் ரயில் இணைக்கிறது. நகர மையத்திலிருந்து ஹோவர்ட் செல்லும் வண்டியில் ஏறி அடிசனில் இறங்கினால் கப்ஸின் மைதானம் ரிக்லி ஃபீல்ட். சாக்ஸின் மைதானத்துக்கு 95ஆம் தெரு செல்லும் வண்டியில் ஏறி சாக்ஸ்-35 நிலையத்தில் இறங்க வேண்டும். புதியவர்கள் தவறுவது அடிசனில்தான்: ப்ளூ லைனிலும் பிரௌன் லைனிலும் அதே பெயரில் நிலையங்கள் உண்டு. ஓஹேர் விமான நிலையத்திலிருந்து ப்ளூ லைனில் வந்து அங்கே இறங்கிவிட்டால், மைதானம் கிழக்கே பல கிலோமீட்டர் தள்ளி இருக்கும். 152ஆம் எண் பேருந்தைப் பிடிக்க வேண்டும். தெற்கு மைதானத்தின் பெயரோ மாறிக்கொண்டே இருக்கிறது, இப்போது ரேட் ஃபீல்ட். பழைய ஆட்கள் கோமிஸ்கி என்றுதான் சொல்வார்கள். வழி கேட்கும்போது நிலையத்தின் பெயரைச் சொல்லுங்கள். இல்லினாய் தொழில்நுட்பக் கழகத்தில் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு இந்தத் தெற்கு மைதானம் நடைதூரம்.

முதல் ஆட்டத்தைத் தெற்கே பார்ப்பதுதான் நல்லது. 2024இல் 121 தோல்வி கண்ட அணி. டிக்கெட்டுக்கு அலைய வேண்டியதில்லை, ஆற அமர விதிகளைக் கற்கலாம். காரில் போகிறவர்களுக்கும் அங்கேதான் வசதி, சுற்றிலும் வாகன நிறுத்தங்கள் உண்டு. ரிக்லியைச் சுற்றியுள்ளவை குடியிருப்புத் தெருக்கள். இரவு ஆட்டத்தன்று அப்பகுதிவாசிகளுக்கான நிறுத்த உரிமச் சீட்டு இல்லாத வண்டியை இழுத்துப் போய்விடுவார்கள்.

ரிக்லியில் கவனிக்க வேண்டியது காற்று. மிச்சிகன் ஏரி அருகிலேயே இருப்பதால் ஏப்ரலில் ஜாக்கெட் இல்லாமல் உட்கார முடியாது. காற்று ஏரியிலிருந்து உள்ளே வீசினால், ஹோம் ரன், அதாவது எல்லைச் சுவரைத் தாண்டும் அடி, என்று நாம் எழுந்து நின்று பார்க்கும் பந்தும் ஃபீல்டர் கையில் விழும். வெளியே வீசினால் சாதாரண அடியும் சுவரைத் தாண்டும். சுவரில் 1937 முதல் படர்ந்திருக்கும் கொடிக்குள் பந்து சிக்கினால், ஃபீல்டர் இரு கைகளையும் உயர்த்திக் காட்ட வேண்டும். நடுவர் இரண்டு பேஸ் கொடுப்பார், அதாவது அடித்தவர் ஓட்டப் பாதையின் இரண்டாவது நிலையில் நின்றுகொள்ளலாம். கையை விட்டுத் துழாவினாலோ ஆட்டம் தொடரும், அடித்தவர் ஓடிக்கொண்டே இருப்பார்.

2025 முதல் ஆண்டுக்கு ஆறு மோதல்கள், மைதானத்துக்கு மூன்று. அன்று இரு நிற உடைகளும் ஒரே ரயில் பெட்டியில் நெருக்கியடித்துக்கொண்டு வரும். ரிக்லியில் ஆட்டம் முடிந்ததும் ஸ்கோர் பலகைக்கு மேலே கொடி ஏறும்: வெள்ளைத் துணியில் நீல டபிள்யூ என்றால் கப்ஸ் வென்றது, நீலத்தில் வெள்ளை எல் என்றால் தோற்றது.