ஸ்பிரிங் தோய்ச்சலுக்குப் போகிறவர்களுக்கு: இரண்டாம் தரத்தில் தேறியவன் சொல்வது

நேற்று முடிவு வந்தது. என்.வி.கியூ (தேசிய தொழிற்தகைமை) மட்டம் 4 செய்முறையில் இந்த முறை தேர்ச்சி. போன தரம் என்னைக் கவிழ்த்தது ஸ்பிரிங் தோய்ச்சல் (சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் இறக்கிக் கடினமாக்குவது) ஒன்றுதான். கடைசல், வெல்டிங் பற்றி இங்கே எழுதப்போவதில்லை.

வீடு புதுக்குடியிருப்பில். பின்வளவில் சிரட்டைக்கரி உலை. பழைய ஹெயார் டிரையர்தான் துருத்தி. பகல் வெக்கையில் உலைக்கு முன்னால் நிற்க ஏலாது என்று ஒரு மாதமும் இரவில்தான் பழகினேன். அதுதான் வினை. போன தரத் தேர்வு நடந்தது காலை 11 மணிக்கு, பக்கம் திறந்த தகரக் கொட்டகையில். இரவில் கண்ட அதே சிவப்பு வரட்டும் என்று காத்திருந்தேன். வெயிலில் அது கண்ணுக்குத் தெரிந்தபோது கம்பி அளவுக்கு மிஞ்சிக் காய்ந்துவிட்டது. தோய்த்து, பதம் வைத்து (முறியாமலிருக்க மீண்டும் அளவாகச் சூடாக்கி), அழுத்தினால் டக்கென்று முறிந்தது. முறிந்த முகம் சீனி மாதிரி மினுங்கியது. "தம்பி, உமக்கே விளங்குதுதானே?" என்றார் மதிப்பீட்டாளர். விளங்கியது.

ஆகவே, காந்தம். ஏறக்குறைய 770 பாகை செல்சியஸில் உருக்கு காந்தத்தில் ஒட்டாது. வெயிலோ நிலவோ, அதற்கு ஒன்றுதான். ஒட்டாமல் போனபின் இன்னும் கொஞ்சம் காயவிட்டு, 800ஐத் தாண்டுமுன் எண்ணெயில் இறக்குங்கள். காந்தத்தைச் சும்மா தொட்டு எடுங்கள். வைத்திருந்தால் அதுவும் செத்துப்போகும்.

மற்றவை:
– சில்வர் ஸ்டீல் (கரிமம் கூடிய கருவி உருக்கு, வெள்ளி இல்லை) கம்பிதான் நல்லது. வேலிக் கம்பியில் கரிமம் போதாது, எத்தனை தரம் தோய்த்தாலும் வளையும்.
– பியானோ கம்பி (ஏற்கனவே கடினமாக்கி வரும் ஸ்பிரிங் கம்பி) தந்தால் சிவக்க வைக்கவே வேண்டாம். சுற்றிவிட்டு 250 பாகையளவில் கொஞ்ச நேரம் வைத்தால் சரி. என்னோடு வந்த ஒருவன் அதையும் தோய்த்துக் கெடுத்தான்.
– சுற்றும் தண்டு ஒரு சுற்று மெல்லியதாக இருக்கட்டும், கம்பி விரியும்.
– தேங்காயெண்ணெய் போதும், இளஞ்சூட்டில். ஸ்பிரிங்கை நெட்டுக்குத்தாக இறக்குங்கள், சரித்தால் கோணும்.
– தோய்த்ததும் அரத்தால் தொட்டுப் பாருங்கள். அரம் பிடிக்காமல் வழுக்க வேண்டும்.

பதத்துக்கு மட்டும் வெயில் நல்லது. மேலே படிந்த கறுப்பு நிறத்தை எமரித் தாளால் தேய்த்து வெள்ளையாக்கி, சட்டி மணலில் புதைத்துச் சூடாக்கி, அடிக்கடி கிளறிப் பாருங்கள். வைக்கோல் மஞ்சள், மண்ணிறம், ஊதா, பிறகு நீலம். நீலம் வந்தால் சுமார் 300 பாகை, உடனே வெளியே எடுங்கள். மஞ்சளில் எடுத்தால் உளிக்குச் சரி, ஸ்பிரிங்குக்கு முறிவு. நேரடிச் சுவாலையில் காட்டினால் ஒரு சுற்று நீலம், அடுத்தது மஞ்சள் என்று வரும்.

காந்தம் கொண்டுவரலாமா என்று இந்த முறை முதல்நாளே கேட்டேன். "கொண்டுவாருமன்" என்றார்கள். போன தரமும் கேட்டிருக்கலாம்.