முள்ளந்தண்டுக் காயமும் ஸ்டெம் செல்லும்: வன்னியிலிருந்து சில குறிப்புகள்

02.09.2025, கிளிநொச்சி

2009 போரில் முள்ளந்தண்டில் காயப்பட்டவருக்கு ஸ்டெம் செல் (வேறு வகைக் கலங்களாக மாறக்கூடிய மூலக் கலம்) ஊசி இப்போது பலன் தருமா என்று வீட்டுக்கு வீடு கேட்கிறார்கள். இதுவரை வெளிவந்த நல்ல முடிவுகளில் பெரும்பகுதி புதுக் காயங்களுக்கு உரியவை. யப்பானின் கெய்யோ பல்கலைக்கழகம் ஐபிஎஸ் கலங்களிலிருந்து (சாதாரண உடற்கலங்களை மாற்றி உண்டாக்கும் ஸ்டெம் செல்) வளர்த்த நரம்பு முன்னோடிக் கலங்களை 4 பேருக்கு, ஆளுக்கு 20 இலட்சம் வீதம், காயப்பட்டு 14 முதல் 28 நாட்களுக்குள் செலுத்தியது. 2025 மார்ச்சில் முடிவு சொன்னார்கள்: இருவருக்கு முன்னேற்றம், அதில் ஒருவர் துணையில்லாமல் நிற்கிறார். மற்ற இருவருக்குக் குறிப்பிடத்தக்க மாற்றமில்லை.

அந்த 14-28 நாள் கணக்குக்குக் காரணம் உண்டு. முதல் நாட்களில் காயத்துக்குள் அழற்சி கடுமையாக இருக்கும், செலுத்திய கலங்கள் பிழைப்பது கடினம். மாதக்கணக்கில் போனால் சிதைந்த இடத்தில் நீர் நிறைந்த குழி உண்டாகி, சுற்றிலும் வடு இறுகிவிடும். நரம்பிழை அதைத் தாண்டி வளராது. எங்கள் பகுதியின் போர்க்காயங்கள் எல்லாம் இந்த இரண்டாம் நிலையில்தான் இருக்கின்றன.

05.09.2025

'ஸ்டெமிராக்' என்ற ஸ்டெம் செல் மருந்து பற்றி. நோயாளியின் சொந்த எலும்பு மச்சையிலிருந்து ஸ்டெம் செல்லை எடுத்து, வளர்த்து, நாளத்தினூடாக ஏற்றுவது. யப்பான் 2018 டிசெம்பரில் நிபந்தனையுடன் அனுமதித்தது. 13 பேரில் 12 பேருக்கு முன்னேற்றம் என்றார்கள், ஆனால் ஊசி போடாத ஒரு குழுவுடன் ஒப்பிடவில்லை. முதல் ஆறு மாதத்தில் சிலருக்கு உணர்ச்சியும் அசைவும் தாமாகவே திரும்பும். அதை மருந்தின் கணக்கில் எழுதிவிடக்கூடாது.

11.09.2025, புதுக்குடியிருப்பு

உடலுக்குள் ஷெல் துண்டு உள்ளவர்கள் எம்.ஆர்.ஐ. எடுக்க முன்னர் முள்ளந்தண்டை முன்பக்கமாகவும் பக்கவாட்டாகவும் எக்ஸ்ரே எடுத்து, துண்டு எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஷெல் துண்டு அநேகமாக இரும்பு. காந்தப்புலத்தில் நகரலாம், சூடேறலாம், சுற்றியுள்ள படத்தையும் கெடுக்கும். துப்பாக்கி ரவைகளில் ஈயமும் செம்பும் கூடுதல் என்றாலும் உருக்கு உள்ளீடு உள்ளவையும் உண்டு. "சின்னத் துண்டுதானே" என்று மறைத்துவிட்டுப் படுக்காதீர்கள். எம்.ஆர்.ஐ. இல்லாமல் குழியின் அளவும் முள்ளந்தண்டு வடத்தில் (முள்ளந்தண்டுக்குள் ஓடும் நரம்புக் கற்றை) எஞ்சியிருப்பதும் சரியாகத் தெரியவராது. அது தெரியாமல் ஊசி போட ஒருவர் முன்வந்தால் அவரை நம்ப வேண்டாம்.

16.09.2025

காணியை ஈடு வைத்துச் சென்னைக்குப் போக நினைப்பவர்களுக்கு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டல்படி முள்ளந்தண்டுக் காயத்துக்கான ஸ்டெம் செல், அனுமதி பெற்ற ஆய்வுக்குள் மட்டுமே கொடுக்கப்படலாம். ஆய்வு என்று சொல்லிக் காசு கேட்டால் அங்கேயே நின்றுவிடுங்கள். ஆய்வின் பதிவு எண், கலம் எதிலிருந்து எடுத்தது, எத்தனை, உயிரோடு இருப்பவை எத்தனை வீதம், எந்த ஆய்வுகூடம் வளர்த்தது, பின்னர் எத்தனை வருடம் பார்ப்பார்கள் என்பவற்றை எழுத்தில் கேளுங்கள்.

"வேலை செய்யாவிட்டாலும் கெடுதல் இல்லைத்தானே" என்பது பிழை. மூக்கின் உட்சவ்விலிருந்து எடுத்த கலங்களை வைத்த ஒரு பெண்ணுக்கு 8 வருடம் கழித்து முள்ளந்தண்டில் சளி சுரக்கும் கட்டி வளர்ந்து, சத்திரசிகிச்சையில் எடுக்க வேண்டியிருந்தது. முதுகில் குத்தும்போது மூளையுறைக் காய்ச்சல் வரலாம். நரம்பு வலியும் தசை இழுப்பும் கூடலாம். மிஞ்சியிருந்த கொஞ்ச உணர்ச்சியும் போகலாம். அந்தக் கொஞ்சத்தில்தான் ஒருவர் தானாகக் கட்டிலிலிருந்து வீல்செயாருக்கு மாறுகிறார்.

24.09.2025, மல்லாவி

படுக்கைப்புண்ணோ சலத்தில் (சிறுநீரில்) கிருமியோ இருப்பவரை ஆய்வில் சேர்ப்பதில்லை. அதைவிட முக்கியம், எங்கள் ஆட்களை உண்மையில் சாகடிப்பவை இவைதான். வீல்செயாரில் 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை ஏறக்குறைய 2 நிமிடம் முன்பக்கம் நன்றாகச் சாய்ந்திருங்கள். கையால் ஊன்றி ஒரு நொடி எழும்புவது போதாது, நசுங்கிய தோலுக்கு இரத்தம் திரும்ப நேரம் வேண்டும். இரவில் 2 மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்ட வேண்டும். வெயிலில் நின்ற வீல்செயாரின் இரும்பு, உணர்ச்சியில்லாத தொடையைச் சுடும். ஏற முன்னர் கையால் தொட்டுப் பாருங்கள். சலத்தைக் கதீற்றர் என்ற மெல்லிய குழாயால் 4 முதல் 6 மணித்தியாலத்துக்கு ஒருமுறை எடுக்க வேண்டும், ஒரு தடவைக்கு 500 மில்லிலீற்றரைத் தாண்ட விடாதீர்கள்.

நெஞ்சுப் பகுதி முள்ளெலும்பு 6இலோ (T6) அதற்கு மேலோ காயம் உள்ளவருக்குத் திடீர்த் தலையிடி, முகச் சிவப்பு, வியர்வை வந்தால் இரத்த அழுத்தம் ஏறுகிறது. படுக்க விடாமல் நிமிர்த்தி இருத்துங்கள், உடுப்பைத் தளர்த்துங்கள், கதீற்றர் மடிந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அடுத்தது மலக்கட்டு. தணியாவிட்டால் உடனே ஆசுபத்திரி.

30.09.2025

புதுக் காயங்கள். மரத்தால் விழுந்தவரை மோட்டார்சைக்கிளில் இருவருக்கு நடுவில் இருத்திக்கொண்டு ஓடும் வழக்கம் இன்னும் இருக்கிறது. பாதி நசுங்கிய வடம் அந்த மடிப்பில் முழுதாக நசுங்கும். 1990க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம். வரும்வரை ஒருவர் தலையையும் கழுத்தையும் நேராகப் பிடிக்க வேண்டும். வாந்தி வந்து திருப்ப நேர்ந்தால் மற்ற மூவர் தோள், இடுப்பு, கால் பிடித்து ஒரே அசைவில் திருப்புங்கள். நசுங்கலை 24 மணித்தியாலத்துக்குள் சத்திரசிகிச்சையால் விடுவித்தால் மீட்சி கூடுதல். விழுந்த நேரத்தை ஒரு துண்டில் எழுதி அம்புலன்ஸ்காரரிடம் கொடுத்துவிடுங்கள்.