கழற்றிப் போட முன்னூறு ரூபாய்

பெங்களூரு பி.வி.கே. ஐயங்கார் சாலையின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குக் காலை ஏழு மணிக்குள் போய்விட வேண்டும். தாமதமானால் ஒற்றைக்கால் செருப்பும் மூடியில்லாத மிக்ஸி ஜாரும்தான் மிஞ்சும். அன்றைக்கு நான் போனது ஒரு டார்ச் விளக்கு வாங்க. தார்ப்பாயின்மேல் இரண்டு துருப்பிடித்த இஸ்திரிப் பெட்டிகளுக்கு நடுவே கிடந்தது, பொம்மை அளவு மாதிரி விமானத்தில் பூட்டுகிற எஞ்சின் ஒன்று. ஜப்பான் சரக்கு. உடம்பில் 25 என்று பொறித்திருந்தது, அதாவது 0.25 கன அங்குலம், நம் கணக்கில் 4 சி.சி.க்குச் சற்று மேல். உள்ளங்கையில் அடங்கிவிடும்.

கல்லூரி நாளில் என்.சி.சி. விமானப் பிரிவில் இருந்தபோது கன்ட்ரோல் லைன் விமானத்தை, அதாவது கம்பியில் கட்டி வட்டமடிக்க விடும் மாதிரி விமானத்தை, இரண்டே முறை ஓட்டியிருக்கிறேன். முதல் முறை ஏழு விநாடி. இரண்டாம் முறை அவ்வளவுகூட இல்லை. முப்பது ஆண்டுகளாக உறுத்திக்கொண்டிருந்த கணக்கு அது.

சந்தையில் ஆசையை முகத்தில் காட்டக் கூடாது என்பது பால பாடம். இஸ்திரிப் பெட்டியை நெடுநேரம் விசாரித்துவிட்டு, போகிற போக்கில், "இது என்ன?" என்றேன்.

"புல் வெட்டுகிற மெஷின் சார். இரண்டாயிரம்."

முன்தண்டைச் சுற்றிப் பார்த்தேன். மயிரிழைகூட அசையவில்லை.

"சுற்றவே இல்லையே?"

"அவ்வளவு கம்ப்ரஷன் சார்!"

உள்ளே காற்று அவ்வளவு இறுக்கமாம். இந்தப் பதிலுக்கே நூறு ரூபாய் கொடுக்கலாம். அடுத்து அவர் கார்புரேட்டரின் குட்டிக் கையை ஆட்டிக் காட்டினார். எஞ்சினில் அசைந்த ஒரே உறுப்பு அதுதான். "பாருங்கள், வேகத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். இந்தச் சாமான் மட்டுமே முன்னூறு ரூபாய் பெறும்."

அங்கேதான் என் வாய் காரியத்தைக் கெடுத்தது. "அது எனக்கு வேண்டாம். கழற்றிக்கொண்டு முன்னூறைக் குறையுங்கள்" என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. எது வேண்டும், எது வேண்டாம் என்று தெரிந்தவன் சரக்குத் தெரிந்தவன். அதுவரை தமிழில் நடந்த பேரம் கன்னடத்துக்கும் உருதுவுக்கும் தாவி, மறுபடி தமிழுக்கு வந்து 1,100 ரூபாயில் நின்றது. எஞ்சினுக்கு 800, எனக்கு வேண்டாத சாமானுக்கு 300. டார்ச் விளக்கை மறந்துவிட்டேன்.

வீட்டில் விசாரணை நடந்தது.

"வேகத்தைக் குறைக்கிற பாகத்தை எதற்குக் கழற்ற வேண்டும்?" என்றாள் மனைவி.

விளக்கினேன். ரேடியோ விமானத்தில் எஞ்சின் வேகத்தையும் தரையிலிருந்தே மாற்றுவார்கள்; அதற்குத்தான் அந்தக் கார்புரேட்டர். கன்ட்ரோல் லைனில் நடுவில் நிற்கிறவன் கைப்பிடியிலிருந்து விமானத்துக்கு இரண்டு மெல்லிய எஃகுக் கம்பிகள் போகின்றன. மேல் கம்பியை இழுத்தால் மூக்கு ஏறும், கீழ்க் கம்பியை இழுத்தால் இறங்கும். அவ்வளவுதான். எஞ்சின் எப்போதும் முழு வேகத்தில் ஓடும். விமானம் வட்டமடிக்க, நாமும் கூடவே சுற்ற வேண்டும்.

"செக்குமாடு மாதிரி."

நான் மறுக்கவில்லை. செக்குக்கும் இதற்கும் வேறோர் உறவும் உண்டு. இந்த எஞ்சின் குடிப்பது மெத்தனாலும் விளக்கெண்ணெயும் கலந்த எரிபொருள். பழைய சொந்தக்காரர் ஓட்டிவிட்டுத் துடைக்காமல் வைத்திருக்கிறார். விளக்கெண்ணெய் வருடக்கணக்கில் இறுகிப் பிசினாகிவிட்டது. சந்தைக்காரர் சொன்ன கம்ப்ரஷன் அதுதான். ஊரெல்லாம் வயிற்றை இளக்கக் கொடுக்கிற பொருள் எஞ்சினுக்குள் போய் இப்படி மலச்சிக்கல் உண்டாக்குவது என்ன நியாயமோ.

இறுகிய எஞ்சினைப் பலவந்தமாகத் திருப்பினால் பிஸ்டனைத் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். சூடுகாட்டித்தான் இளக்க வேண்டும். மனைவி காய்கறி வாங்கப் போன நேரத்தில் அவளுடைய ஹேர் டிரையரை எடுத்தேன். கால் மணி நேரத்தில் எஞ்சின் ஒரு முனகலுடன் சுற்றிக்கொடுத்தது. அன்று முதல் ஹேர் டிரையரைப் போட்டால் விளக்கெண்ணெய் வாசனை வருகிறது. கூந்தலுக்கு நல்லதுதானே என்று சொல்லிப் பார்த்தேன். அவள் சொன்ன பதிலை இங்கே எழுதுவதற்கில்லை.

கார்புரேட்டரைக் கழற்றிய ஓட்டையில் வெஞ்சுரி என்கிற வெறும் குழல் ஒன்றைச் செருக வேண்டும். நடுவே குறுக்காக எரிபொருள் குழாய், அதன் முனையில் அளவைக் கூட்டிக் குறைக்க ஊசி வால்வு. வால்வு நண்பரிடம் கிடைத்தது. குழலுக்காகப் பீன்யா தொழிற்பேட்டையில் ஒரு லேத் பட்டறைக்குப் போனேன். அங்கே இருந்தவர் வாணியம்பாடிக்காரர், அறுபதைத் தாண்டியவர்.

"உள்துளை எவ்வளவு தம்பி?"

"எட்டு மில்லிமீட்டர் வையுங்கள் அண்ணா." காற்று அதிகம் போனால் பலம் அதிகம் என்பது என் சித்தாந்தம்.

கடைந்து கொடுத்தார். வீட்டு மொட்டை மாடியில் விமானத்தில் பூட்டி, எரிபொருளைப் பற்றவைக்கும் குளோ பிளக்குக்கு ஒன்றரை வோல்ட் பேட்டரி கொடுத்து, புரொப்பெல்லரைச் சுண்டினேன். பிடித்துக்கொண்டது! பேட்டரியை எடுத்த பிறகும் ஓடியது. மூக்கைச் சற்றே மேலே தூக்கினேன். வீல் என்று ஒரு கத்தல், அப்புறம் மௌனம். பத்து முறை தூக்கினேன், பத்து முறையும் அதே கதை.

மறுநாள் பீன்யா. அண்ணன் சிரிக்கவில்லை, அதுதான் கூடுதல் வேதனை. "வாய் அகலமானால் காற்று சோம்பேறியாகிவிடும் தம்பி. குழாயில் டியூப் முனையை விரலால் அழுத்தினால்தானே தண்ணீர் பாய்கிறது? குறுகலில் காற்று வேகமாகப் போனால்தான் எண்ணெயை உறிஞ்சும்." அதே குழலுக்குள் இன்னொரு சிறு குழலை இறக்கி, துளையை ஆறரையாக்கிக் கொடுத்தார். இரண்டு நடைக்கும் சேர்த்து 450 ரூபாய். மூக்கை எப்படித் தூக்கினாலும் எஞ்சின் இப்போது நிற்கவில்லை.

அடுத்த ஞாயிறு ஓசூர் சாலைப் பக்கம், இன்னும் வீடு எழும்பாத ஒரு லேஅவுட்டுக்குப் போனோம். மின்கம்பிகள் இல்லை என்று இரண்டு முறை பார்த்துக்கொண்டேன். 18 மீட்டர் கம்பி, 100 மில்லி எரிபொருள். விமானத்தைப் பிடித்து விடும் பொறுப்பு மனைவிக்கு. தலையசைத்தேன், விட்டாள், பறந்தது.

ஏழு விநாடி தாண்டியது. இருபது தாண்டியது. ஒரு சுற்றுக்கு ஐந்து விநாடி. ஒரு கிலோ விமானம் மூன்று கிலோ கனத்தில் கையை இழுக்கிறது. அப்போதுதான் என் சட்டைப் பையிலிருந்த போன் அடித்தது. நின்றது, மறுபடி அடித்தது. பிறகு மனைவியின் போன் அடித்தது. என் கண் விமானத்தின்மேல் இருந்ததால், விமானம் அவள் பக்கமாகப் போகும்போது மட்டும் அவள் தெரிவாள். செய்தி தவணை முறையில் வந்தது.

"வீட்டிலிருந்து அத்தை..."

ஒரு சுற்று.

"கேஸ்காரர் வந்து நிற்கிறாராம்..."

ஒரு சுற்று.

"ஓ.டி.பி. உங்கள் போனில்! நிறுத்துங்கள்!"

"நிறுத்த முடியாது!"

"மெதுவாகவாவது ஓட்டுங்கள்!"

"முடியாது!"

அடுத்த சுற்றில் இடுப்பில் கை வைத்து நின்றாள். "அந்த முன்னூறு ரூபாய்ச் சாமான் எங்கே?"

வட்டத்துக்குள் அவள் வர முடியாது, கைப்பிடியை நான் விட முடியாது. ஐந்தரை நிமிடம் கழித்து, அறுபத்தைந்தாவது சுற்று வாக்கில் எரிபொருள் தீர்ந்தது. விமானம் கீறல்கூட இல்லாமல் இறங்கியது. யாராவது கைதட்டியிருக்கலாம்.

போனை எடுத்துக்கொண்டு மனைவியை நோக்கி நேராகத்தான் நடந்தேன். போய்ச் சேர்ந்த இடத்தில் 'இந்த மனை விற்பனைக்கு அல்ல' என்று ஒரு பலகை இருந்தது. அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அம்மாவைக் கூப்பிட்டு, எண்ணை ஒவ்வொன்றாகப் படித்துச் சொன்னேன். தலை சுற்றலில் ஒன்பதை ஆறு என்று படித்திருக்கிறேன்.